டென்மார்க் கடற்கரையிலிருந்து வந்து கோப்பையை வென்றதா?

கேள்வி இதுதான்: "1992 ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பைக்கு டென்மார்க் தகுதியே பெறவில்லையாம். விடுமுறையில் கடற்கரையில் படுத்துக்கிடந்த ஆட்டக்காரர்களைப் போன் போட்டுக் கூப்பிட்டு, பயிற்சியே இல்லாமல் இறக்கி, கோப்பையை ஜெயித்தார்களாம். நிஜமாகவே நடந்ததா, இல்லை யாராவது கட்டிவிட்டதா?"

பாதி நடந்தது, பாதி கட்டிவிட்டது. தகுதி பெறவில்லை என்பது நிஜம். கோப்பையை வென்றதும் நிஜம். கடற்கரைதான் கதை. அந்தக் கதையைப் பரப்பியதில் டென்மார்க்காரர்களுக்கே பெரிய பங்கு உண்டு. சொல்லச் சொல்ல இனிக்கிற கதையை யார்தான் திருத்துவார்கள்?

முதலில் தகுதிச் சுற்று. அந்தக் காலத்தில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதிக் கட்டத்தில் மொத்தமே எட்டு அணிகள். போட்டியை நடத்திய ஸ்வீடனுக்கு நேரடி இடம் போக, மீதி ஏழு இடங்களும் ஏழு தகுதிப் பிரிவுகளின் முதலிடக்காரர்களுக்கு. இரண்டாம் இடம் பிடித்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டென்மார்க் இருந்த பிரிவில் யூகோஸ்லாவியா, வட அயர்லாந்து, ஆஸ்திரியா, பரோயே தீவுகள். வெற்றிக்கு இரண்டு புள்ளிதான் தந்தார்கள். யூகோஸ்லாவியா எட்டு ஆட்டத்தில் ஏழை வென்று 14 புள்ளி. டென்மார்க் ஆறு வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி என்று 13 புள்ளி. யூகோஸ்லாவியா தோற்ற அந்த ஒரே ஆட்டம் யாரிடம் தெரியுமா? 1991 மே மாதம், சொந்த ஊரான பெல்கிரேடில், இதே டென்மார்க்கிடம், 2-1. இரண்டு கோலையும் போட்டவர் பென்ட் கிறிஸ்டென்சன்.

ஆகவே "தகுதி பெறாத அணி" என்றதும் ஏதோ கடைசி வரிசையிலிருந்து இழுத்து வந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரே ஒரு புள்ளியில் தவறவிட்ட அணி. இப்போது போல 24 அணிகள் விளையாடும் காலமாக இருந்திருந்தால், இரண்டாம் இடத்துக்கே நேரடியாக உள்ளே போயிருப்பார்கள், இந்தக் கதையே பிறந்திருக்காது.

(அதே பிரிவில் இன்னொரு கதையும் உண்டு. பரோயே தீவுகள் தன் முதல் அதிகாரபூர்வப் போட்டியில், 1990 செப்டம்பரில், ஆஸ்திரியாவை 1-0 என்று வீழ்த்தியது. அவர்கள் தீவில் தகுந்த புல்தரை இல்லாததால் ஆட்டம் ஸ்வீடனில் நடந்தது. கோல்கீப்பர் தலையில் குஞ்சம் வைத்த கம்பளிக் குல்லாய். அது தனிப் பதிலுக்கு உரியது, இங்கே விட்டுவிடுகிறேன்.)

அடுத்து, யூகோஸ்லாவியா ஏன் வெளியேறியது? கதை சொல்பவர்கள் ஒரு வரியில் தாண்டிப் போகிற இடம் இது. அந்த அணி லேசுப்பட்டதல்ல. 1991இல் ஐரோப்பிய கிளப் கோப்பையை வென்றது பெல்கிரேடின் ரெட் ஸ்டார். பஞ்செவ், சவிசெவிச், புரோசினெச்கி எல்லாரும் அதில் ஆடியவர்கள். தகுதிச் சுற்றில் மட்டும் பஞ்செவ் 10 கோல் போட்டிருந்தார். ஆனால் நாடு அதற்குள் உடையத் தொடங்கிவிட்டது. குரோஷிய, ஸ்லோவேனிய ஆட்டக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். 1992 ஏப்ரலில் சரயேவோ முற்றுகையிடப்பட்டது. பயிற்சியாளர் இவிட்சா ஒசிம் அந்த ஊர்க்காரர். மனைவியும் மகளும் முற்றுகைக்குள். மே 23 அன்று அவர் பதவி விலகினார். என் ஊருக்காக என்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் என்ற பொருளில் பேசி, கண்ணீரோடு எழுந்து போனார்.

அதற்கு ஒரு வாரம் கழித்து, மே 30 அன்று, ஐ.நா. பாதுகாப்புச் சபை 757ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. வணிகம், விமானப் போக்குவரத்து ஆகியவற்றோடு சர்வதேச விளையாட்டுக்கும் தடை. யூகோஸ்லாவிய அணி அப்போது ஸ்வீடனுக்கே வந்து இறங்கியாகிவிட்டது. வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். அந்த இடம், பிரிவில் இரண்டாவதாக வந்த டென்மார்க்குக்குப் போனது. ஜூன் 11 அன்று முதல் ஆட்டம். கையில் இருந்தது பத்துப் பன்னிரண்டு நாள்.

இப்போது கடற்கரைக்கு வருவோம். ஜூன் 3 அன்று டென்மார்க்குக்கு ஏற்கெனவே ஒரு நட்பு ஆட்டம் குறித்து வைத்திருந்தார்கள். எதிரணி, சோவியத் யூனியன் கலைந்த பிறகு அதன் இடத்தில் யூரோவுக்கு, அதாவது இந்த ஐரோப்பியக் கோப்பைக்கு, வந்த சுதந்திர நாடுகளின் கூட்டமைப்பு. யூரோவுக்குப் போகும் அணிக்கு ஒத்திகை வேண்டும் என்பதற்காக ஏற்பாடு செய்த ஆட்டம் அது. அதற்காக டென்மார்க் ஆட்டக்காரர்களை முன்பே அழைத்திருந்தார்கள். 1-1 என்று முடிந்தது. அழைப்பு வந்தபோது யாரும் ஸ்பெயினில் மணலில் புதைந்து கிடக்கவில்லை. கோல்கீப்பர் பீட்டர் ஷ்மைக்கேலே பிற்காலத்தில் இந்தக் கடற்கரைக் கதையை மறுத்திருக்கிறார். மேலும், யூகோஸ்லாவியாவுக்கு இடம் பறிபோகும் என்பதை அந்த மே மாதம் செய்தித்தாள் படித்தவர் யாரும் ஊகித்திருக்க முடியும்.

சமையலறைக் கதை மட்டும் நிஜம் என்று வைத்துக்கொள்ளலாம். பயிற்சியாளர் ரிச்சர்ட் மொல்லர் நீல்சன் அந்தக் கோடையில் வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்க நினைத்திருந்தார், அழைப்பு வந்ததும் அதைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவரே சிரித்துக்கொண்டு சொன்னது இது.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் கணக்கில் கோப்பையின் பெரும்பங்கு இவருக்கு உரியது. இவருக்கு முன் இருந்தவர் செப் பியோன்டெக் என்ற ஜெர்மானியர். எண்பதுகளின் டென்மார்க் அணியை உருவாக்கியவர். 1984 யூரோவில் அரையிறுதி, 1986 உலகக் கோப்பையில் உருகுவேயை 6-1 என்று சுருட்டியது, பிறகு ஸ்பெயினிடம் 5-1 என்று தாங்களே சுருண்டது, எல்லாம் அவர் காலம். அழகாக ஆடுவார்கள், அழகாகத் தோற்பார்கள். அவருக்கு உதவியாளராக இருந்த மொல்லர் நீல்சன் 1990இல் பொறுப்பேற்றபோது யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. டென்மார்க் கால்பந்துச் சங்கம் முதலில் தேடியதே வேறொருவரை. இவர் கட்டுப்பாடு, தற்காப்பு, ஒழுங்கு என்று பேசுகிறவர். 1990 நவம்பரில் கோபன்ஹேகனில் யூகோஸ்லாவியாவிடம் 0-2 தோற்றதும், அணியின் இரண்டு நட்சத்திரங்களான மைக்கேல் லவுட்ரூப், பிரையன் லவுட்ரூப் சகோதரர்கள் இவர் ஆட்டமுறை பிடிக்காமல் தேசிய அணியை விட்டே போய்விட்டார்கள்.

பிரையன் 1992இல் திரும்பி வந்தார். மைக்கேல் வரவில்லை. அப்போது அவர் பார்சிலோனாவில், கிரைஃப் பயிற்சியில், ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். மே 20 அன்று ஐரோப்பிய கிளப் கோப்பையையும் வென்றிருந்தார். டென்மார்க் தன் கால்பந்து வரலாற்றின் மிகப் பெரிய வெற்றியைப் பெற்றபோது, அதன் மிகச் சிறந்த ஆட்டக்காரர் அந்த அணியில் இல்லை. கடற்கரையில் யாராவது இருந்திருந்தால் அது அவராகத்தான் இருந்திருக்க வேண்டும்! அடுத்த ஆண்டு சமாதானமாகி அணிக்குத் திரும்பினார், ஆனால் அந்தக் கோடை திரும்புமா?

பயிற்சியே இல்லை என்பதும் சரியல்ல. அணியில் பலர் பிரண்ட்பி கிளப்பில் ஒன்றாக ஆடியவர்கள் அல்லது ஆடிக்கொண்டிருந்தவர்கள். ஷ்மைக்கேல், கேப்டன் லார்ஸ் ஓல்சன், ஜான் யென்சன், கிம் வில்ஃபோர்ட், கிம் கிறிஸ்டோஃப்ட எல்லாரும் அந்தப் பள்ளி. பிரண்ட்பி 1991இல், ஐரோப்பிய கிளப்களுக்கான இன்னொரு போட்டியான யூஈஎஃப்ஏ கோப்பையின் அரையிறுதிவரை போயிருந்தது. யார் எந்தப் பக்கம் திரும்புவான், யாருக்கு எந்தக் காலில் பந்து வேண்டும் என்பதெல்லாம் வருடக்கணக்கில் பழகிய விஷயம். ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் அவர்கள் இல்லை.

அவர்களுக்கு வாய்த்த இன்னொரு வசதி, யாரும் எதையும் எதிர்பார்க்காதது. மினி கோல்ஃப் ஆடினார்கள், பர்கர் சாப்பிடப் போனார்கள், முகாமில் கெடுபிடி குறைவு. மற்ற ஏழு அணிகளும் மாதக்கணக்கில் திட்டமிட்டு இறுக்கமாக வந்து இறங்க, இவர்கள் கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருந்தார்கள்.

ஆனாலும் முதல் இரண்டு ஆட்டம் சாதாரணம்தான். மால்மோவில் இங்கிலாந்தோடு 0-0. யென்சன் அடித்த பந்து ஒன்று கம்பத்தில் பட்டு வந்தது. அடுத்து ஸ்டாக்ஹோமில் ஸ்வீடனிடம் 0-1, தாமஸ் புரோலின் கோல். இரண்டு ஆட்டம், ஒரு புள்ளி, ஒரு கோல்கூட இல்லை. கடைசி ஆட்டம் பிரான்சோடு. பயிற்சியாளர் பிளாட்டினி. முன்வரிசையில் பாப்பேன், காந்தோனா. தகுதிச் சுற்றில் எட்டுக்கு எட்டும் வென்று வந்த அணி. ஹென்ரிக் லார்சன் எட்டாவது நிமிடத்திலேயே கோல் போட்டார். பாப்பேன் சமன் செய்தார். 78ஆவது நிமிடத்தில், மாற்று ஆட்டக்காரராக வந்த லார்ஸ் எல்ஸ்ட்ரூப் 2-1 ஆக்கினார். அதே நேரத்தில் ஸ்டாக்ஹோமில் ஸ்வீடன் இங்கிலாந்தை 2-1 என்று வீழ்த்தியது. இங்கிலாந்தும் பிரான்சும் வெளியே, டென்மார்க் அரையிறுதியில்.

அந்த பிரான்ஸ் ஆட்டத்தில் கிம் வில்ஃபோர்ட் இல்லை. அவருடைய ஏழு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய். நிலைமை மோசமானதும் அவர் முகாமை விட்டு டென்மார்க் போய்விட்டார். மகளும் குடும்பமும் போய் ஆடு என்று சொன்ன பிறகு அரையிறுதிக்குத் திரும்பினார். மறுபடியும் வீட்டுக்குப் போனார், மறுபடியும் இறுதி ஆட்டத்துக்கு வந்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரையிறுதி, ஜூன் 22, கோத்தன்பர்க். எதிரில் நெதர்லாந்து. 1988இன் சாம்பியன். குல்லிட், வான் பாஸ்டன், ரைக்கார்ட், கூமன், இளம் பெர்க்காம்ப். லீக் சுற்றில் ஜெர்மனியையே 3-1 என்று அடித்திருந்தார்கள். என்னைக் கேட்டால், அந்த யூரோவில் உட்கார்ந்து பார்க்கத் தகுந்த ஆட்டம் இதுதான். ஐந்தாவது நிமிடம் லார்சன், 1-0. பெர்க்காம்ப் சமன். மறுபடி லார்சன், 2-1. நெதர்லாந்துக்காரர்கள் இவர்களை லேசாக எடுத்துக்கொண்டது ஆட்டத்தைப் பார்த்தாலே தெரியும். இரண்டாம் பாதியில் டென்மார்க்கின் கால்கள் கழன்றுவிட்டன. ஹென்ரிக் ஆண்டர்சன் ஒரு மோதலில் முழங்கால் சில்லு உடைந்து, வலியில் அலறியபடி வெளியே தூக்கிச் செல்லப்பட்டார். 86ஆவது நிமிடத்தில் ரைக்கார்ட் 2-2 ஆக்கினார். கூடுதல் நேரம் முழுக்க டென்மார்க் பெனால்டிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது என்றுதான் சொல்ல வேண்டும்.

பெனால்டியில் மொத்தம் பத்து உதை, ஒன்பது கோல். தவறவிட்ட ஒருவர் வான் பாஸ்டன். நான்கு ஆண்டு முன்பு யூரோ இறுதியில், பந்து தரையில் படுமுன்பே அடித்து அந்த அசாத்தியமான கோலைப் போட்டவர். ஷ்மைக்கேல் இடப்பக்கம் பாய்ந்து தடுத்தார். கடைசி உதை கிறிஸ்டோஃப்டவுக்கு. ஓடி வரவில்லை. பந்துக்குப் பக்கத்திலேயே நின்று, ஓரிரு அடி எடுத்து வைத்து, தெருவில் பிள்ளைகளுக்குப் பந்தைத் தள்ளிவிடுகிற மாதிரி உள்ளே தள்ளினார். 5-4.

இறுதி ஆட்டம் ஜூன் 26, அதே கோத்தன்பர்க் உல்லேவி மைதானம். கடலைத் தாண்டினால் டென்மார்க் என்பதால் கூட்டத்தில் பெரும்பகுதி சிவப்பும் வெள்ளையும். எதிரில் 1990 உலக சாம்பியன் ஜெர்மனி, ஒன்றிணைந்த பிறகு ஆடும் முதல் பெரிய போட்டி. முதல் கால் மணி நேரம் ஜெர்மனி மட்டும்தான் ஆடியது. பிறகு 18ஆவது நிமிடத்தில், வில்ஃபோர்ட் ஜெர்மனியின் பிரேமே காலிலிருந்து பந்தைப் பிடுங்க, பொவ்ல்சன் அதைப் பின்னால் யென்சனுக்குத் தள்ள, யென்சன் விட்டார் ஒரு அடி. வலையின் மேல்மூலை.

யென்சன் தூரத்திலிருந்து அடிப்பதில் பிரசித்தி பெற்றவர், எப்போதும் வெளியே அடிப்பதில்! அந்தப் போட்டியிலும் அதுவரை அடித்தது எல்லாம் வானத்துக்கும் கம்பத்துக்கும்தான். இந்த ஒரு கோலைப் பார்த்து மயங்கிய லண்டனின் ஆர்சனல் அந்தக் கோடையிலேயே அவரை வாங்கியது. அங்கே முதல் கோல் போட அவருக்கு 1994 டிசம்பர் 31 வரை ஆனது. அதுவே அங்கு அவருடைய கடைசி கோலும்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் ஷ்மைக்கேலின் ஆட்டம். கிளின்ஸ்மன் தலையால் முட்டிய பந்தைக் கம்பிக்கு மேல் தட்டிவிட்டது, உயரப் பந்தை ஒற்றைக் கையால் பிடித்தது, இதையெல்லாம் எழுத்தில் சொல்லி மாளாது. 78ஆவது நிமிடத்தில் இரண்டாவது கோல். இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே திரும்பி இடது காலால் தாழ அடித்து, கம்பத்தை ஒட்டி உள்ளே போட்டவர் கிம் வில்ஃபோர்ட். பந்தை நிறுத்தும்போது கையில் பட்டது என்று ஜெர்மானியர்கள் கத்தினார்கள். மறு ஒளிபரப்பைப் பார்த்தால் அவர்கள் பக்கமும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. நடுவர் அதை ஏற்கவில்லை. 2-0.

சில வாரங்களில் வில்ஃபோர்டின் மகள் இறந்துபோனாள்.

கணக்கைப் பாருங்கள்: ஐந்து ஆட்டம். அதில் பெனால்டி இல்லாமல் வென்றது இரண்டே இரண்டு, பிரான்சும் ஜெர்மனியும். ஒரு தோல்வி, ஒரு கோலில்லா டிரா, ஒரு பெனால்டி. இதை வைத்து "அதிர்ஷ்டம்" என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை, அதுவும் இன்னொரு நாட்டின் அழிவிலிருந்து வந்த அதிர்ஷ்டம். ஆனால் பிரான்ஸ், நெதர்லாந்து, ஜெர்மனி மூன்றையும் பத்து நாளுக்குள் அடுத்தடுத்துத் தாண்டுவதற்கு அதிர்ஷ்டம் மட்டும் போதாது.

அரசியலும் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் 2 அன்று, அதாவது அணி போவது உறுதியான இரண்டொரு நாளில், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கும் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை டென்மார்க் மக்கள் வாக்கெடுப்பில் 50.7 சதவீதத்தில் நிராகரித்தார்கள். ஐரோப்பியச் சமூகத்தின் பெரிய நாடுகள் எரிச்சலில் இருந்த நேரம். இறுதி ஆட்ட நாளில் லிஸ்பனில் நடந்த மாநாட்டுக்கு டென்மார்க் வெளியுறவு அமைச்சர் அணியின் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தார். அவர்களோடு சேர முடியாவிட்டால் அவர்களை அடித்துவிட வேண்டியதுதான் என்று கேலியாகவும் சொன்னார்.

கடைசியாக ஒரு விஷயம், டென்மார்க் ரசிகர்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. தன் அணிக்காரர் காலால் பின்னால் தட்டிய பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி வருவதற்கு முன் நடந்த கடைசி ஐரோப்பியக் கோப்பை இது. அடுத்த மாதமே விதி மாறிவிட்டது. அந்த வசதியை டென்மார்க் அளவுக்கு யாரும் பிழிந்தெடுக்கவில்லை. முன்னிலை பெற்றதும் ஓல்சன் ஷ்மைக்கேலுக்குத் தட்டுவார், அவர் கையில் எடுத்து, இரண்டு தடவை தரையில் தட்டி, பக்கத்தில் நிற்பவரிடம் உருட்டுவார், அவர் திரும்ப ஷ்மைக்கேலுக்கே தட்டுவார். சட்டப்படி எல்லாம் சரி. இந்த அணி ஓராண்டு கழித்து ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது நியாயமான கேள்வி.

முழு ஆட்டமாகப் பார்க்கும் எண்ணம் இருந்தால் அரையிறுதியைப் பாருங்கள். இறுதி ஆட்டத்தைப் பார்ப்பதானால், அந்தப் பின்பாஸ்களை எண்ணிக்கொண்டே பாருங்கள். நான் ஒருமுறை எண்ணத் தொடங்கி, இடைவேளைக்கு முன்பே விட்டுவிட்டேன்.